டொயோட்டா ஜிடி86-க்கு லோயரிங் ஸ்பிரிங்: எவ்வளவு இறக்கலாம், எதை வாங்கலாம்

டொயோட்டா ஜிடி86, அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட் வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது எக்ஸாஸ்ட் பற்றி. அடுத்த கேள்வி வண்டியைத் தாழ இறக்கும் லோயரிங் ஸ்பிரிங். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே கம்பெனி விட்டிருக்கும் இடைவெளி கண்ணை உறுத்தத்தான் செய்கிறது. நான்கு ஸ்பிரிங்கை மாற்றினால் வண்டி அழகாகிவிடும். ஆனால் தப்பான ஸ்பிரிங்கைப் போட்டால் மறுநாளே ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் வந்து பேசும். 2012-இல் வந்த முதல் தலைமுறைக் காரை மனத்தில் வைத்தே இந்த விமர்சனம். 2021-இல் வந்த 2.4 லிட்டர் ஜிஆர்86-க்கு ஸ்பிரிங் அளவும் டேம்பரும் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வேறு. இங்கே சொல்லும் எண்களை அப்படியே அதற்குத் தூக்கிப் போட வேண்டாம்.

சுருக்கமாக எங்கள் தீர்ப்பு இதுதான்: கம்பெனி டேம்பரை வைத்துக்கொண்டு சுகமாக ஓட்ட வேண்டும் என்றால் 20 முதல் 25 மி.மீ. வரைதான் இறக்கலாம். விறைப்பு 15-லிருந்து 30 சதவீதம் கூடலாம், அதற்கு மேல் வேண்டாம். இந்த இரண்டில் முதல் எண்தான் முக்கியம். பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டு, "மெத்தென்று இருக்கும் ஸ்பிரிங் வேண்டும், ஆனால் 40 மி.மீ. இறங்க வேண்டும்" என்று கேட்கிறார்கள். அப்படி ஒரு ஸ்பிரிங்கை யார் செய்து கொடுத்தாலும் அது சுகமாக ஓடாது.

ஏன் என்று பார்ப்போம். டேம்பர் தண்டின் மேல்முனையில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு நுரை ரப்பர்க் கட்டை இருக்கிறது. சக்கரம் மேலே வரும்போது குறிப்பிட்ட தூரம் வரை ஸ்பிரிங் மட்டும் வேலை செய்யும். அதன்பின் இந்தக் கட்டையும் சேர்ந்து நசுங்க ஆரம்பிக்கும். நசுங்க நசுங்க அதன் விறைப்பு மளமளவென்று ஏறும். ஒரு பேச்சுக்கு, வண்டி நிற்கும் உயரத்தில் இந்தக் கட்டையைத் தொட இன்னும் 40 மி.மீ. பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 மி.மீ. இறக்கினால் 25 தான் மிச்சம். முன்பு 40 மி.மீ. தூரத்தில் உள்வாங்கிய அதே அடியை இப்போது 25-க்குள் வாங்க வேண்டும். ஸ்பிரிங் சேமிக்கும் ஆற்றல் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அதற்கு இரண்டரை மடங்கு விறைப்பான ஸ்பிரிங் தேவை. அப்படிப்பட்ட ஸ்பிரிங்கைத் தெருவில் ஓடும் காருக்கு யாரும் விற்பதில்லை. விற்பதெல்லாம் இருபது முப்பது சதவீதம் கூடின ஸ்பிரிங்தான். ஆகவே வண்டியை இறக்கிய எல்லாருமே முன்பைவிட அடிக்கடி பம்ப் ஸ்டாப் மேல்தான் ஓட்டுகிறார்கள். "ஸ்பிரிங் ரொம்ப ஹார்டு" என்று வரும் புகார்களில் பல ஸ்பிரிங்கின் குற்றமல்ல, இந்தக் கட்டையின் குத்து.

விறைப்பு மட்டும் கூடும்போது சுகம் அவ்வளவாகக் கெடாது என்பதையும் கணக்காகவே காட்டலாம். ஆரம்பகால ஜிடி86-இல் முன் ஸ்பிரிங் மில்லிமீட்டருக்குச் சுமார் 23 நியூட்டன், பின்னால் சுமார் 37. பிஆர்இசட்டில் முன்னால் கொஞ்சம் விறைப்பு கூட, பின்னால் கொஞ்சம் குறைவு. பின்பக்க எண் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பின் டேம்பர், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் சக்கரத்தில் வந்து சேரும் விறைப்பு அதில் பாதிச் சொச்சம்தான். ஓட்டுநரோடு சேர்த்து எடையைப் போட்டுக் கணக்கிட்டால் முன்பக்கம் நொடிக்குச் சுமார் 1.3 தடவையும், பின்பக்கம் அதைவிடச் சற்றே வேகமாகவும் ஆடும். விறைப்பை 30 சதவீதம் ஏற்றினாலும் இந்த அதிர்வெண் 14 சதவீதம்தான் ஏறும், 1.3 என்பது 1.5 ஆகும். ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்து பழகினவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை.

முன்னைவிடப் பின்பக்கம் சற்று வேகமாக ஆடுவதும் தற்செயல் அல்ல. 1930-களில் கேடிலாக்கில் பொறியாளர் மாரிஸ் ஆலி கண்டு சொன்ன பழைய விதி அது. ஒரு மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, 2,570 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களின் இடைத்தூரம்) கொண்ட இந்தக் காரில் 60 கி.மீ. வேகத்தில் பின்சக்கரம் 0.15 நொடி கழித்து ஏறுகிறது. தாமதமாகக் கிளம்பிய பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். வண்டி தலையாட்டாமல் சமமாக அடங்கும். ஆகவே ஸ்பிரிங் செட் வாங்கும்போது முன், பின் விறைப்பு இரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் 50 சதவீதம், பின்னால் 10 சதவீதம் என்று இருந்தால் வேகத்தடைக்குப் பிறகு மூக்கு மேலும் கீழும் ஆடும். விறைப்பு எண்ணையே வெளியிடாத கம்பெனியை ஒதுக்கிவிடலாம். இறக்கம் எவ்வளவு என்று மட்டும் விளம்பரப்படுத்துபவர் அழகைத்தான் விற்கிறார்.

சரி, கடையில் என்னென்ன கிடைக்கிறது? ஜெர்மனியின் ஐபாக் கம்பெனியில் இரண்டு வரிசை உண்டு. ப்ரோ-கிட் மிதமான இறக்கம். ஸ்போர்ட்லைன் அதைவிடத் தாழ்வு. பெயரில் "ஸ்போர்ட்" இருக்கிறதே என்று ஸ்போர்ட்லைனைத் தூக்கி வருபவர்கள் அதிகம். கம்பெனி டேம்பரோடு அதைப் போட்டால் மேலே சொன்ன பம்ப் ஸ்டாப் கணக்கு உடனே வேலையைக் காட்டும். ஜப்பானின் டெய்ன் வரிசையில் எஸ்.டெக் என்றால் தாழ்வு, ஹை.டெக் என்றால் மிதம். எச் அண்ட் ஆர்-இலும் இப்படித்தான்: ஓஇ ஸ்போர்ட் குறைவாக இறங்கும், ஸ்போர்ட் நடுத்தரம், சூப்பர் ஸ்போர்ட் ரொம்பத் தாழ்வு. எல்லா வரிசையும் எல்லா மாடலுக்கும் வருவதில்லை. உங்கள் காரின் ஆண்டையும் மாடல் குறியீட்டையும் சொல்லிப் பார்ட் நம்பரை உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். 2017 மாடலில் டொயோட்டா ஸ்பிரிங், டேம்பர் இரண்டின் ட்யூனிங்கையும் மாற்றியிருக்கிறது. ஜப்பானின் ஸ்விஃப்ட் (மாருதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) ஸ்பெக்-ஆர் என்ற பெயரில் ஒரே சீரான விறைப்புள்ள ஸ்பிரிங் தருகிறது.

இந்த "ஒரே சீர்" விஷயத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஐபாக் ப்ரோ-கிட் போன்றவற்றில் சுருள்களின் இடைவெளி ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கும். நெருக்கமான சுருள்கள் முதலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேலையிலிருந்து விலகும். மிச்சமுள்ள சுருள்கள் குறைவு என்பதால் விறைப்பு ஏறும். இதற்குப் பெயர் ப்ரோக்ரெஸிவ்; ஒரே சீரானது லீனியர். சின்னப் பள்ளத்தில் மென்மையாகவும் வளைவில் இறுக்கமாகவும் இருக்கும் என்பது விற்பவரின் வாதம். பாதி உண்மை. பல செட்டுகளில் அந்த நெருக்கமான சுருள்கள் வண்டியின் எடையிலேயே ஒட்டிவிடும். ஓடும்போது அவற்றுக்கு வேலையே இல்லை. பிறகு எதற்கு அவை? சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவாமல் பிடித்துக்கொள்ள. முன்பக்கம் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 3,000 நியூட்டன் எடை. 23 நியூட்டன் ஸ்பிரிங் அதற்கு 130 மி.மீ. அமுங்கும்; 30 நியூட்டன் ஸ்பிரிங் 100 மி.மீ. தான் அமுங்கும். அதோடு உயரமும் குறைந்தால், ஜாக்கியில் தூக்கும்போது ஸ்பிரிங் நீண்டு டேம்பரின் நீளத்தை எட்ட முடியாமல் தளர்ந்து ஆடும். ஜப்பானின் ஷாக்கென் என்ற கட்டாய வாகனப் பரிசோதனையில் இப்படித் தளரும் ஸ்பிரிங்குக்கு அனுமதி கிடையாது. அந்த வாய்ப்பை அடைக்கத்தான் இந்த மெல்லிய சுருள்கள். ஆகவே "ப்ரோக்ரெஸிவ் என்றால் சுகம், லீனியர் என்றால் குத்தல்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நம்ப வேண்டாம். வண்டி நிற்கும்போது எத்தனை சுருள் ஒட்டியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள், விடை அங்கேயே இருக்கும்.

எங்கள் தேர்வு: கம்பெனி டேம்பர், மேடுபள்ளமான ஊர்ச்சாலை, வாரம் முழுக்க ஓட்டம் என்றால் ஐபாக் ப்ரோ-கிட் வகை மித இறக்கம். நல்ல சாலையும் அவ்வப்போது டிராக்கும் இருந்தால் ஸ்விஃப்ட் ஸ்பெக்-ஆர். வளைவில் ஸ்டீயரிங்குக்கு வண்டி சொல்லும் பதில் இதில்தான் தெளிவு. 35 மி.மீ.-க்கு மேல் இறக்கும் எதையும் கம்பெனி டேம்பரோடு சேர்க்கச் சொல்ல மாட்டோம், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

மலிவு என்றதும் காயிலோவர் ஞாபகம் வரும். நான்கு ஸ்பிரிங்கும் நான்கு டேம்பரும் சேர்ந்து, உயரமும் மாற்றிக்கொள்ளலாம் என்று குறைந்த விலையில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அந்த விலையில் வரும் பலவற்றின் டேம்பர் தரம் கம்பெனி டேம்பரைவிடத் தாழ்வு. மேல் மவுன்ட்டில் ரப்பருக்குப் பதில் இரும்புக் குண்டு பேரிங் வைத்திருப்பார்கள், சாலையில் கிடக்கும் மணல்கூட உள்ளே கேட்கும். சுகம் வேண்டுபவர் அந்தப் பணத்தில் நல்ல ஸ்பிரிங்கும் புதிய பம்ப் ஸ்டாப்பும் வாங்குவதே மேல். ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆறு சுருளில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் ஏறும்; முனை இருக்கையில் பொருந்தாது; கியாஸ் வெல்டிங் வைத்து வெட்டினால் அந்த இடத்தின் பதம் போய், ஒருநாள் முறியும்.

வாங்குவதற்கு முன் உங்கள் காரிலேயே ஒரு அளவு எடுத்துவிடுங்கள். முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்த தூண்) தூசி உறையை மேலே தள்ளி, பளபளக்கும் தண்டில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டையை நகரக்கூடிய இறுக்கத்தில் கட்டி, டேம்பர் உடலின் உச்சிவரை கீழே தள்ளி வையுங்கள். வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போது டேம்பர் உச்சிக்கும் பம்ப் ஸ்டாப்பின் கீழ்முனைக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அதுதான் உங்கள் மிச்சம். பிறகு வழக்கமாகப் போகும் சாலையில் வழக்கமான வேகத்தில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். டை எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு தூரம் டேம்பர் உள்ளே போயிருக்கிறது. கம்பெனி உயரத்திலேயே டை பம்ப் ஸ்டாப்பில் இடித்து நின்றிருந்தால், அந்தச் சாலைக்கு 20 மி.மீ. இறக்கம்கூட அதிகம் என்று அர்த்தம். வெறும் ஐந்து நிமிட வேலை, ஆனால் எந்த விளம்பரத்தையும்விட நேர்மையான பதில்.

டேம்பரின் வயதும் கணக்கில் வரும். விறைப்பு 30 சதவீதம் கூடினால் அதே அடக்கம் கிடைக்க டேம்பர் விசையும் 14 சதவீதம் கூட வேண்டும். புது டேம்பர் இதைச் சமாளிக்கும். 80,000 கி.மீ. ஓடி, உடலில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருக்கும் டேம்பர் சமாளிக்காது. நெடுஞ்சாலையில் ஒரு தாழ்வில் இறங்கி ஏறும்போது வண்டி ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். இரண்டாவது மூன்றாவது ஆட்டம் வந்தால் டேம்பர் போதவில்லை. அப்போது டேம்பரையும் சேர்த்து மாற்றுங்கள். பில்ஸ்டைனில் பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 இறக்கிய வண்டிக்கு. பி8-இன் உடல் குட்டையாக இருப்பதால் ஸ்பிரிங் திருடிய தூரத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும். பி12 ப்ரோ-கிட் என்பது பில்ஸ்டைன் பி8 டேம்பரும் ஐபாக் ஸ்பிரிங்கும் சேர்ந்த செட். கோனி ஸ்போர்ட்டில் திரும்பி எழும் வேகத்தை மட்டும் திருகி மாற்றிக்கொள்ளலாம். சுகம் வேண்டுபவர் குறைந்த நிலையிலிருந்து ஆரம்பித்து, ஆட்டம் அடங்கும்வரை கால் திருகு கால் திருகாக ஏற்றினால் போதும்.

பம்ப் ஸ்டாப்பை வெட்டலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். ஸ்பிரிங்கோடு வரும் தாளில் எவ்வளவு வெட்டச் சொல்லியிருக்கிறதோ அவ்வளவுதான். எதுவும் சொல்லவில்லை என்றால் கை வைக்காதீர்கள். வெட்டச் சொல்லியிருந்தால் கூம்பாக இருக்கும் நுனியை வெட்டக் கூடாது. மென்மையாக முதலில் தொடுவதே அந்த நுனிதான். தட்டையான அடிப்பக்கத்தில் வெட்டி, நுனியைக் காப்பாற்றுங்கள். கட்டையை முழுதாக எடுத்துவிட்டால் டேம்பருக்குள் பிஸ்டன் போய் அடிவால்வில் இடிக்கும், அல்லது டயர் ஃபெண்டர் உள்ளுறையைத் தேய்க்கும். இரண்டுமே ஸ்பிரிங்கைவிடச் செலவு.

இனி மாட்டுவது. இரண்டு பேர், நல்ல ஸ்பிரிங் கம்ப்ரசர், ஜாக் ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் இருந்தால் அரை நாள் வேலை. முதலில் சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும். 50 லிட்டர் டேங்க் என்பதால், முன்னும் பின்னும் அளக்கும்போது பெட்ரோல் ஒரே அளவில் இருக்கட்டும்.

முன்பக்கம் ஸ்ட்ரட்டில் கட்டியிருக்கும் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்ட்டி-ரோல் பாரின் லிங்க் மூன்றையும் முதலில் கழற்றுங்கள். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைப் பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட்களைக் கழற்றும் முன் அவற்றின் இருப்பிடத்தைப் பெயின்ட்டால் குறித்துவையுங்கள், கேம்பர் (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு) பெரிதாக நகராது. நக்கிள் வெளியே சாய்ந்து ஹோஸில் தொங்கிவிடாமல் கம்பியால் கட்டிவிடுங்கள். பின்பக்கம் மேல் நட்டுகளை எட்ட டிக்கியின் உள்ளுறையைக் கழற்ற வேண்டும். கிளிப்புகள் உடைவது இங்கேதான், முன்கூட்டியே நாலைந்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்ட்ரட்டை வெளியே எடுத்ததும் கம்ப்ரசரை எதிரெதிர்ப் பக்கத்தில் மாட்டி, மாறி மாறிச் சமமாக இறுக்குங்கள். ஸ்பிரிங் மேல் இருக்கையை விட்டு விலகி லேசாகச் சுழலும்வரை நடு நட்டைத் தொடவே கூடாது. அந்த நட்டை இம்பாக்ட் கன்னால் கழற்றும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. தண்டு உள்ளே சுழன்று சீலைத் தின்றுவிடும். தண்டைப் பிடித்துக்கொண்டு வளைந்த ஸ்பேனரால் கழற்றச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது அந்த லாக் நட் புதியதாக இருக்கட்டும். புது ஸ்பிரிங்கில் அச்சிட்ட எழுத்து நேராக வாசிக்கும்படி இருந்தால்தான் மேல் கீழ் சரி. சுருளின் வால்முனை கீழ் இருக்கையின் படியில் போய் முட்ட வேண்டும். ஒரு விரல் தள்ளி நின்றால் ஸ்டீயரிங் திருப்பும்போது "டங்" என்று சத்தம் வரும், உயரமும் இரண்டு பக்கம் வேறுபடும். ரப்பர் இருக்கைகளையும் தூசி உறையையும் இந்தச் சமயத்திலேயே பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள், திரும்பவும் கழற்ற யாருக்கும் மனம் வராது.

எல்லாரும் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது, இதை மட்டும் மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று பாருங்கள். ஆர்ம்களின் ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்களை, வண்டியைத் தூக்கி வைத்திருக்கும்போது முழு டார்க்கில் இறுக்கக் கூடாது. புஷ்ஷின் உள்குழாய் அந்தத் தொங்கும் நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கேறி நிற்கும். அந்த முறுக்கு கூடுதல் ஸ்பிரிங் போல வேலை செய்து பின்பக்கத்தை விறைக்க வைக்கும், சில மாதத்தில் புஷ்ஷே கிழியும். ஸ்பிரிங் மாற்றுவதற்காகத் தளர்த்திய அத்தனை புஷ் போல்ட்களையும் கையிறுக்கத்தில் விட்டு, ஆர்மின் அடியில் ஜாக்கி கொடுத்து நிற்கும் உயரத்துக்கு ஏற்றி, அல்லது வண்டியை ராம்ப்பில் ஏற்றி நிறுத்தி, அங்கே டார்க் ரெஞ்ச் போடுங்கள். டார்க் அளவுகள் சர்வீஸ் மேனுவலில் உண்டு. சக்கர நட்டுகளுக்கு 120 நியூட்டன் மீட்டர்.

மாட்டியவுடன் உயரம் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் பதற வேண்டாம். முதல் சில நூறு கிலோமீட்டரில் இருக்கைகள் அழுந்தி, ஒருசில மில்லிமீட்டர் இறங்கும். அதன்பிறகு வீல் அலைன்மென்ட். பின்பக்கம் கம்பெனி அமைப்பில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மாற்றலாம், கேம்பர் மாற்ற முடியாது. 25 மி.மீ. இறக்கினால் பின் கேம்பர் அரை டிகிரியோ அதற்குச் சற்று மேலோ உள்சாயும். அது தானாக டயரைத் தின்னாது. டோ தப்பாக இருந்தால்தான் தின்னும். முன் டோ பூஜ்யம், பின்னால் மொத்தம் 0.2 டிகிரி உள்நோக்கி என்று கேட்டு வாங்குங்கள். முன் கேம்பரையும் சரிசெய்ய வேண்டுமென்றால் மெல்லிய கேம்பர் போல்ட் தனியே கிடைக்கும், ஒரு ஜோடி போதும். பின்பக்கக் கேம்பரை மாற்றத் தனி லோயர் ஆர்ம் வாங்க வேண்டும், 25 மி.மீ.-க்குள் நின்றவருக்கு அந்தச் செலவு தேவையில்லை. எச்ஐடி அல்லது எல்இடி விளக்கும் தானியங்கி உயரக் கட்டுப்பாடும் உள்ள வண்டியில் ஹெட்லைட்டையும் அன்றே சரிபார்த்துவிடுங்கள். எதிரே வருபவர் சாபம் உங்களுக்கு வேண்டாம்.

35, 40 மி.மீ. இறக்குபவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி வெளிமுனை மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால் ரோல் சென்டர் (வளைவில் வண்டி சாயும்போது சுழலும் புள்ளி) வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் நீளுவதால், தாழ்ந்த வண்டி வளைவில் அதிகமாகச் சாய விரும்பும். அதை அடக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங் வாங்குவார்கள், சுகம் இன்னும் போகும். சாய்வு குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் ஸ்பிரிங்கை விட்டுவிட்டுத் தடித்த ஆன்ட்டி-ரோல் பார் போடுங்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும் வேகத்தடையில் அது குறுக்கிடாது. ஒரு பக்கம் மட்டும் விழும் பள்ளத்தில்தான் கொஞ்சம் தெரியும்.

அழகுக்காக மட்டும் இறக்குபவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: கம்பெனி டயர் 215/45 ஆர்17. அதே ரிம்மில் 225/45 ஆர்17 போட்டால் டயர் விட்டம் 9 மி.மீ. கூடும்; ஃபெண்டர் இடைவெளி 4 மி.மீ. சொச்சம் குறையும், பக்கச்சுவர் 97-லிருந்து 101 மி.மீ. ஆகும். சுகம் ஒரு துளி கூடவே செய்யும். ஸ்பீடோமீட்டர் ஒன்றரை சதவீதம் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். மாறாக 18 அங்குல ரிம்முக்குப் போய் 225/40 போட்டால் பக்கச்சுவர் 90-க்கு இறங்கிவிடும். ஸ்பிரிங்கையும் மாற்றி ரிம்மையும் பெரிதாக்கிவிட்டு ஸ்பிரிங்கைத் திட்டுபவர்கள் நிறைய.

சட்ட விஷயம் நாட்டுக்கு நாடு வேறு. இந்தக் காரின் தரை இடைவெளி 130 மி.மீ.; ஜப்பானில் குறைந்தது 90 இருக்க வேண்டும் என்பதால் 25 மி.மீ. இறக்கம் தாராளமாகத் தேறும், அடியில் தாழ்வாகத் தொங்கும் எக்ஸாஸ்ட் மாட்டியிருந்தால் மட்டும் அளந்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் ஸ்பிரிங்கோடு டைல்கூட்டாக்டன் என்ற பரிசோதனைச் சான்று வர வேண்டும்; அதைக் காட்டிப் பரிசோதகரிடம் வண்டியைச் சரிபார்த்து வாங்கினால்தான் செல்லும். சான்றில்லாத மலிவு ஸ்பிரிங் அங்கே வெறும் இரும்பு. ஆஸ்திரேலியாவில் சஸ்பென்ஷன் ஓட்டத்தில் மூன்றில் இரண்டு பங்காவது மிஞ்ச வேண்டும் என்பது விதி. சுகத்துக்கும் இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. இந்தியாவில் ஜிடி86 அதிகாரபூர்வமாக விற்கப்படவில்லை. ஆனால் வேறு காருக்கு இதே யோசனையில் இருப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும், கம்பெனி வடிவமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். எந்த நாடானாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது பின்னால் வரும் தகராறைத் தவிர்க்கும்.

கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முன், பின், இடம், வலம் என்று மார்க்கரால் எழுதி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பரிசோதனைக்கும் விற்கும்போதும் கேட்பார்கள். புது ஸ்பிரிங் ஒத்துவரவில்லை என்றால் திரும்ப மாட்டவும் அதுதான் வேண்டும்.